எதிர்ப்புப் புரதம் குறைந்தால் பாதுகாப்பும் அதே அளவு குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா வைரஸின் புதிய திரிபைப் பற்றித் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் அண்மையில் வந்த செய்தியில், தடுப்பூசியால் உடலில் உண்டான எதிர்ப்புப் புரதங்கள் இந்தத் திரிபின் முன் பல மடங்கு வலுவிழந்து போவதாக வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று கண்டிருப்பதாகவும், எனவே இதுவரை போட்டுக்கொண்ட தடுப்பூசிகளால் இனிப் பயன் இல்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. முதல் பாதி உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவு உண்மையன்று. மதுரைக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் நுண்ணுயிரியல் கற்பித்தவன் நான். செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள், "அப்ப நாம போட்ட ஊசியெல்லாம் வீண்தானா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறேன். கடிதம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

'பல மடங்கு' என்ற அந்த அளவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். கொரோனா வைரஸின் மேற்பரப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம், புரதங்களின் அடிப்படைக் கண்ணிகளான அமினோ அமிலங்கள் 1,273 கோத்து ஆனது. அதில் ஏறத்தாழ 200 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பகுதிதான் நம் செல்களின் மேல், வைரஸ் உள்ளே நுழையும் வாசலாக அமைந்துள்ள ஏசிஇ-2 என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடி நடக்கவிடாமல் குறுக்கே போய் ஒட்டிக்கொள்பவையே வைரஸை முடக்கும் எதிர்ப்புப் புரதங்கள். பரிசோதனைக் கூடங்களில் ஆன்டிபாடி என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் இவையும் அடங்கும். ஆனால் ஆன்டிபாடிகள் எல்லாமே வைரஸை முடக்குபவை அல்ல. கோவிஷீல்டு, சிம்பன்சியின் அடினோ வைரஸ் ஒன்றில் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவை ஏற்றி உருவாக்கியது. கோவாக்சின், முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்தது. தொழில்நுட்பம் வேறு வேறாக இருந்தாலும் இரண்டும் நம் உடலுக்கு அறிமுகப்படுத்தியது 2020-ஆம் ஆண்டின் தொடக்க கால வைரஸைத்தான். அதற்குப் பிறகு வந்த ஆல்ஃபா, பீட்டா, டெல்டா, ஒமைக்ரான் எல்லாம், அந்த 200 அமினோ அமிலப் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சில அமினோ அமிலங்களை மாற்றிக்கொண்டவை. 2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் கவலைக்குரிய திரிபு என அறிவித்த ஒமைக்ரானின் ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ பாதி, ஏற்பியைப் பற்றும் அந்தச் சிறு பகுதியிலேயே இருந்தன.

இனி ஆய்வகத்தில் நடப்பது. தடுப்பூசி போட்டவரின் ரத்தத்திலிருந்து, எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய தெளிந்த நீர்மமான சீரத்தைப் பிரித்தெடுத்து, அதைப் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொரு படியிலும் வைரஸைக் கலந்து, வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களின் மேல் ஊற்றுவார்கள். எவ்வளவு நீர்த்த பிறகும் வைரஸில் பாதி முடங்கிப் போகிறதோ, அந்த நீர்ப்பளவே அந்தச் சீரத்தின் மதிப்பு. பழைய வைரஸை எதிர்த்து 800 மடங்கு நீர்த்தபோதும் தாக்குப்பிடித்த சீரம், புதிய திரிபை எதிர்த்து 40 மடங்கு நீர்த்த நிலையிலேயே தோற்றுப்போனால், 20 மடங்கு குறைவு என்று ஆய்வுக் கட்டுரை எழுதும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆய்வகம் 2021 டிசம்பரில் ஃபைசர் தடுப்பூசி இரு தவணை பெற்றவர்களின் சீரத்தை ஒமைக்ரானோடு சோதித்தபோது கிடைத்தது 20 மடங்கைத் தாண்டிய குறைவுதான். ஆய்வு சரியானது, பிற நாட்டு ஆய்வகங்களும் இதை ஒட்டிய அளவுகளையே கண்டன. இந்த எண் நாளிதழுக்கு வந்து சேரும்போது, பாதுகாப்பே 20 மடங்கு குறைந்ததாக வாசகர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இங்கேதான் கோளாறு.

எதிர்ப்புப் புரதத்தின் அளவுக்கும் நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவு நேர்கோட்டில் செல்வதன்று. ஆஸ்திரேலியாவின் கிர்பி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பல தடுப்பூசிகளின் சோதனை முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து 2021 மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரைகளுள் ஒன்று. கொரோனா வந்து குணமடைந்தவர்களின் சராசரி எதிர்ப்புப் புரத அளவை 100 என்று கொண்டால், காய்ச்சல், இருமல் அளவிலான நோயைப் பாதிக்குப் பாதி தடுக்க ஏறத்தாழ 20 இருந்தால் போதும் என்றும், மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேரும் கடுமையான நோயைப் பாதிக்குப் பாதி தடுக்க ஏறத்தாழ 3 இருந்தாலே போதும் என்றும் அவர்கள் கணித்தார்கள். இதை வைத்துப் பார்த்தால் தடுப்பூசியால் 200 என்ற அளவை எட்டியிருந்த ஒருவருக்குப் புதிய திரிபின் முன் அது 20 மடங்கு குறைந்து 10 ஆகிறது. 10 என்பது 20-க்குக் கீழே. ஆகவே அவருக்குச் சளியும் காய்ச்சலும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் அது 3-க்கு மேலே. ஆகவே ஆக்சிஜன் படுக்கை வரை போகும் வாய்ப்பு இன்னும் குறைவாகவே இருக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல அந்த 10-உம் தேய்ந்துகொண்டே வரும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு அச்சில் ஏறினால் இரண்டு பத்தி பிடிக்கும். ஆனால் தலைப்பில் '20 மடங்கு' என்று போட இடமிருக்கும்போது இதற்கும் இடம் இருக்கத்தான் வேண்டும்.

வளர்ப்புத் தட்டை விட்டு மனிதர்களிடம் வந்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2021 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவுக்குப் புணேயின் சீரம் நிறுவனத்திலிருந்து பத்து லட்சம் தவணை கோவிஷீல்டு போய் இறங்கியிருந்தது. அந்த நாட்டில் அப்போது பரவியிருந்த பீட்டா திரிபால் வரும் லேசான, மிதமான நோயைத் தடுப்பதில் அதே தடுப்பூசியின் திறன் ஏறத்தாழ 10 சதவீதம்தான் என்று அங்கே நடந்த சோதனை காட்டியது. அரசு அதைப் போடுவதை நிறுத்திவிட்டது. உலகெங்கும் பரபரப்பான செய்தி அது. அந்தச் சோதனையில் பங்கேற்ற 2,000 பேரும் பெரும்பாலும் இளவயதினர் என்பதையும், கடுமையான நோய் எவருக்கும் வராததால் அதைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்ல இயலவில்லை என்பதையும் பரபரப்புக்கு நடுவே கவனித்தவர்கள் குறைவு.

டெல்டா நம் நாட்டிலேயே முதன்முதலில் அறியப்பட்டது. அதன் கதை வேறு மாதிரி. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட கணக்குப்படி, நாம் கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்ட அதே தடுப்பூசியின் முதல் தவணை மட்டும் பெற்றவர்களுக்கு டெல்டாவின் அறிகுறியுள்ள நோயிலிருந்து ஏறத்தாழ 30 சதவீதப் பாதுகாப்பும், இரு தவணையும் பெற்றவர்களுக்கு 67 சதவீதப் பாதுகாப்பும் இருந்தன. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையிலிருந்து கிடைத்த பாதுகாப்போ இரு தவணைக்குப் பின் 92 சதவீதம். கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனையில் மொத்தத் திறன் 77.8 சதவீதமாகவும் டெல்டாவை எதிர்த்து 65.2 சதவீதமாகவும் இருந்தது. வெளிநாட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேலூர் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 2021-இன் இரண்டாம் அலையின்போது, பெரும்பாலும் கோவிஷீல்டு போட்டிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் எடுத்த கணக்கில், இரு தவணை பெற்றவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 சதவீதமும், மருத்துவமனைச் சேர்க்கையிலிருந்து 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவைப்படுவதிலிருந்து 92 சதவீதமும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதிலிருந்து 94 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்தது. நோய் கடுமையாகக் கடுமையாகத் தடுப்பூசியின் பிடி இறுகுவதை இந்த நான்கு எண்களும் படிப்படியாகக் காட்டுகின்றன. புதிய திரிபைப் பற்றி எழுத உட்காரும் நிருபர் ஒருவர் ஒரே ஒரு இந்திய ஆய்வைத்தான் படிக்க முடியுமென்றால், இதையே படிக்கச் சொல்வேன்.

ஒமைக்ரான் வந்தபோது நிலைமை மேலும் இறங்கியது, மறைப்பதற்கில்லை. அதே தடுப்பூசியின் இரு தவணையைப் பெற்று ஐந்து மாதம் கடந்தவர்களுக்கு, ஒமைக்ரானின் லேசான நோயைத் தடுக்கும் திறன் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சவில்லை என்று பிரிட்டனின் கணக்குகள் காட்டின. ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசியை (ஸ்பைக் புரதத்தை உண்டாக்கும் குறிப்பை மட்டும் உடலுக்குக் கொடுப்பது) பூஸ்டராகப் போட்டபின் அது 60 சதவீதத்துக்கு மேல் ஏறி, பத்து வாரத்தில் 40 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் பூஸ்டர் போட்ட சில வாரங்களில் மருத்துவமனைச் சேர்க்கையிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

நம் மாநிலத்தில் நடந்ததை ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்தோம். 2021 மே மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாத இறுதியில் நாளொன்றுக்கு 400-க்கும் மேற்பட்ட உயிரிழப்புகள் பதிவாயின. பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நின்றதை மதுரையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எட்டு மாதம் கழித்து, 2022 ஜனவரி பிற்பாதியில், ஒமைக்ரான் அலையின் உச்சத்திலும் ஒரு நாள் தொற்று 30,000-ஐத் தாண்டியது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையே பார்வையாளர் எண்ணிக்கையைச் சுருக்கி, மாடுபிடி வீரர்களிடம் இரு தவணைச் சான்றிதழ் கேட்டு நடத்திய பொங்கல் அது. ஆனால் உயிரிழப்புகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பதோடு நின்றன. தொற்று எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம். இறப்போ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

இந்த வேறுபாடு முழுவதையும் தடுப்பூசியின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒமைக்ரான் நுரையீரலை டெல்டா அளவுக்குத் தாக்குவதில்லை. அத்தோடு, 2021 ஜூன், ஜூலையில் எடுத்த குருதி ஆய்வில் மாநிலம் முழுவதும் 66 சதவீதத்தினரிடமும், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் 84 சதவீதத்தினரிடமும் எதிர்ப்புப் புரதம் காணப்பட்டது. அதில் பெரும்பகுதி நோய் வந்து போனதால் உண்டானது. ஆகவே 2022 ஜனவரியில் நம்மைக் காத்தவை தடுப்பூசி, முந்தைய தொற்று, திரிபின் இயல்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான். எனினும் 'ஒமைக்ரான் இயல்பிலேயே சாது' என்று சொல்லித் தடுப்பூசியை ஒதுக்குபவர்கள் அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஹாங்காங்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அதுவரை நோயை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த அந்த நகரத்தில், எண்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாமல் இருந்தார்கள். அங்கே புகுந்ததும் ஒமைக்ரான்தான். மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக அதிகமான இறப்புகளுள் ஒன்றை அந்த நகரம் அந்த வாரங்களில் கண்டது.

எதிர்ப்புப் புரதம் இவ்வளவு இளைத்துப்போன பிறகும் கடுமையான நோயைத் தடுப்பது எது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை ஊரின் அமைப்பை வைத்தே சொல்லிவிடலாம். வெளி வீதியைக் கடந்துவிட்டதாலேயே ஒருவர் மூலஸ்தானத்துக்குள் போய்விட முடியாது. மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி என்று ஒவ்வொன்றாகக் கடந்தாக வேண்டும். ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதம் வெளி வீதிக் காவல் மட்டுமே. அதற்கு உள்ளே, முன்பு சந்தித்த வைரஸை நினைவில் வைத்திருந்து மீண்டும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்க உதவும் நினைவு பி செல்கள் இருக்கின்றன. தடுப்பூசி போட்டபின் நிணநீர் முடிச்சுகளுக்குள் பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில்கூட, இந்தச் செல்கள் தம் எதிர்ப்புப் புரதத்தின் பிடியைத் திருத்திக்கொண்டே போகின்றன. பழைய வைரஸை மட்டும் பார்த்து உருவான செல்களுக்குள்ளேயே, இன்னும் பிறக்காத திரிபுகளையும் ஓரளவு பற்றக்கூடியவை தோன்றிவிடுகின்றன. மூன்றாம் தவணையும் பழைய வைரஸைக் கொண்டே தயாரிக்கப்பட்டிருந்தும் அதைப் போட்டபின் ஒமைக்ரானை எதிர்க்கும் திறன் கூடியதற்கு இதுவே காரணம். அடுத்தது, தொற்றுக்குள்ளான செல்களைக் கண்டறியும் டி செல்கள். எதிர்ப்புப் புரதம் ஸ்பைக் புரதத்தின் வெளி வடிவத்தைப் பார்க்கிறது. டி செல்லோ, தொற்றுக்குள்ளான நம் செல்லுக்குள் வைரஸின் புரதம் சிறு சிறு துணுக்குகளாக வெட்டப்பட்டபின் அந்தத் துணுக்குகளைப் பார்க்கிறது. அத்துணுக்குகள் ஸ்பைக் புரதம் முழுவதிலிருந்தும் வருபவை. 1,273-இல் 30 இடம் மாறினாலும் பெரும்பாலானவை மாறாமல் இருக்கும். தடுப்பூசி போட்டவர்களின் டி செல் எதிர்வினையில் 70 முதல் 80 சதவீதம் வரை ஒமைக்ரானிடமும் குறையாமல் இருந்ததாகக் கேப்டவுன் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

காலக்கணக்கும் இதில் உண்டு. இதைப் பற்றி எழுதுபவர்கள் மிகக் குறைவு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நினைவுச் செல்கள் விழித்தெழுந்து பெருகி வேலையைத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். ஒமைக்ரான் உடலில் புகுந்து அறிகுறி காட்ட எடுத்துக்கொள்வது ஏறத்தாழ மூன்றே நாள். ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் அதற்கு முதல் வெற்றி கிடைத்துவிடுகிறது. கையில் போடும் ஊசி, ரத்தத்தில் உண்டாக்கும் அளவுக்கு மூக்கின் ஈரப்பரப்பில் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குவதில்லை என்பதும் அதற்குச் சாதகம். ஆனால் நுரையீரல் அழற்சி முற்றி மூச்சுத்திணற ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் உள்காவல் வந்து சேர்ந்துவிடுகிறது. தட்டம்மையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அதன் தடுப்பூசி, 1954-இல் ஒரு சிறுவனிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸின் வழிவந்தது. இன்றுவரை அதை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. தட்டம்மை வைரஸின் மேற்புரதங்கள் தம் வேலையை இழக்காமல் உருமாற முடியாதவை. மேலும் அது உடலில் பரவி நோயாக வெளிப்படப் பத்து நாளுக்கு மேல் ஆவதால் நினைவுச் செல்களுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. கொரோனாவிடம் இந்த இரண்டு வசதிகளையும் எதிர்பார்க்க முடியாது. "சின்ன வயசுல போட்ட அம்மை ஊசி காலத்துக்கும் நிக்குது, இது மட்டும் ஏன் நிக்கல?" என்று கேட்பவர்களுக்கு, தடுப்பூசியின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன், இரண்டும் வெவ்வேறு இயல்புள்ள வைரஸ்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

மதுரையில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. புதிய திரிபு என்று செய்தி வந்த மறுவாரமே, பெயர் சொல்ல விரும்பாத தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்று, முழு உடல் பரிசோதனைப் பட்டியலோடு 'கோவிட் ஆன்டிபாடி' பரிசோதனையையும் சேர்த்து முதியவர்களிடம் விற்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வூதியர் ஒருவர், அறிக்கையில் வந்த பெரிய எண்ணைப் பார்த்துத் தமக்கு இனி ஒன்றும் வராது என்று நிம்மதியாக இருக்கிறார். அவருடைய மனைவிக்குச் சிறிய எண் வந்ததால் அந்த அம்மா உறக்கமின்றித் தவிக்கிறார். இரண்டுமே தேவையற்றவை. இத்தகைய பரிசோதனைகளில் பெரும்பாலானவை, பழைய வைரஸின் ஸ்பைக் புரதத்தோடு ஒட்டும் ஆன்டிபாடியின் மொத்த அளவைக் காட்டுகின்றன. புதிய திரிபை முடக்கும் திறனை அவை அளப்பதில்லை. வேறு சில பரிசோதனைகள் ஸ்பைக் புரதத்தைப் பார்ப்பதே இல்லை. வைரஸின் உள்ளே உள்ள நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடுகின்றன. கோவிஷீல்டில் அந்தப் புரதமே கிடையாது. ஆகவே கோவிஷீல்டு மட்டும் போட்டு, நோய் வராமல் தப்பித்தவருக்கு அதில் இல்லை என்றுதான் வரும். முழு வைரஸைக் கொண்ட கோவாக்சின் போட்டவருக்கு உண்டு என்று வரலாம். இதைப் பார்த்து ஒரு தடுப்பூசி நல்லது, மற்றது போலி என்று முடிவு கட்டியவர்களை 2021-இலேயே பார்த்திருக்கிறேன். நினைவுச் செல்களையும் டி செல்களையும் இந்தப் பரிசோதனைகள் எதுவும் தொடுவதில்லை. தடுப்பூசி போட்டபின் பாதுகாப்பு இருக்கிறதா என்று அறிய ஆன்டிபாடி பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மே மாதத்திலேயே அறிவுறுத்தியது. அந்தப் பணத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துக்கொள்வது பெரியவர்களுக்குப் பயன் தரும்.

உள்காவல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வயது ஏற ஏறத் தடுப்பூசிக்கு உடல் தரும் பதில் மந்தமாகிறது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு அதற்கான மாத்திரைகளை உட்கொள்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், பி செல்லை அழிக்கும் மருந்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அந்தப் பதில் வராமலே போவதும் உண்டு. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் இரு தவணைக்குப் பிறகும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் எதிர்ப்புப் புரதமே தென்பட்டது. தென் மாவட்டங்கள் முழுவதிலுமிருந்து இத்தகைய நோயாளிகள் சிகிச்சைக்கு வருவது மதுரைக்குத்தான். இவர்களுக்கென்று வெளியிலிருந்து செலுத்திய ஒற்றை வகை எதிர்ப்புப் புரத மருந்துகளும் ஒமைக்ரானின் வரவால் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனிழந்தன. ஸ்பைக் புரதத்தின் ஒன்றிரண்டு இடங்களை மட்டுமே நம்பியிருந்ததால் வந்த வினை அது. ஆகவே 'தடுப்பூசி இன்னும் காக்கிறது' என்று பொதுப்படையாக எழுதுவதும் அரைகுறைச் செய்திதான். யாரைக் காக்கிறது, எதிலிருந்து காக்கிறது, கடைசித் தவணைக்குப் பின் எத்தனை மாதம் ஆகிறது என்ற மூன்றும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

புதிய திரிபுக்கு ஏற்ற புதிய தடுப்பூசி ஏன் இல்லை என்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2023 மே மாதத்தில் எக்ஸ்பிபி.1.5 திரிபையும், 2024 ஏப்ரலில் ஜேஎன்.1 திரிபையும் அடிப்படையாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. 2025 மே மாதத்தில் எல்பி.8.1 திரிபையும் ஏற்கத்தக்கதாகச் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் புணேயின் ஜெனோவா நிறுவனம் ஒமைக்ரானுக்கென்றே தயாரித்த எம்ஆர்என்ஏ தடுப்பூசி 2023 ஜூனில் வெளியிடப்பட்டது. அதற்குள் மக்களுக்குத் தடுப்பூசியில் இருந்த ஆர்வம் வடிந்துவிட்டது. திரிபுக்கேற்ற தடுப்பூசியிலும் வரம்பு உண்டு. முதலில் சந்தித்த வைரஸின் பதிவு உடலில் அழுத்தமாக விழுந்துவிடுவதால், புதிய திரிபைக் காட்டினாலும் பழைய நினைவுச் செல்களே முந்திக்கொண்டு வருகின்றன. ஃப்ளூ காய்ச்சலில் இதை 1960-களிலிருந்தே அறிந்திருக்கிறோம். எனவே புதிய தவணை போட்டால் அந்தத் திரிபு நம்மை அணுகவே அணுகாது என்று எதிர்பார்க்கக் கூடாது. சில மாதங்களுக்கு நோயின் கடுமை குறையும் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. அந்தச் சில மாதப் பாதுகாப்பு இருபத்தைந்து வயது இளைஞருக்கு எவ்வளவு தேவை, எழுபத்தைந்து வயதுச் சர்க்கரை நோயாளிக்கு எவ்வளவு தேவை என்பது, அவரவர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது.

இனித் தங்களிடம் சில வேண்டுகோள்கள். ஆய்வகச் செய்தி வரும்போது, அது வளர்ப்புத் தட்டில் நடந்த சோதனையா, மனிதர்களிடம் எடுத்த கணக்கா என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மனிதர்களிடம் எடுத்ததானால், தடுக்கப்பட்டது சளிக் காய்ச்சலா, மருத்துவமனைச் சேர்க்கையா, மரணமா என்பதைத் தனித்தனியே கொடுங்கள். எந்தத் தடுப்பூசி என்பதும் முக்கியம். நம்மில் மிகப் பெரும்பாலோர் போட்டுக்கொண்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும்தான். ஃபைசரின் கணக்கை எடுத்து மேலூர், உசிலம்பட்டி வாசகர்களுக்கு அப்படியே கொடுப்பது பொருந்தாது.

நலவாழ்வுத் துறைக்கும் தங்கள் வழியாக ஒரு கோரிக்கை உண்டு. சென்னையில் 2021-இலேயே மாநில அரசு தனக்கென மரபணு பகுப்பாய்வுக் கூடம் அமைத்தது பாராட்டத்தக்கது. 2025 ஏப்ரலில் என்பி.1.8.1 திரிபு நம் மாநிலத்து மாதிரி ஒன்றில் கண்டறியப்பட்டது இத்தகைய கண்காணிப்பின் பலன். ஆனால் எந்தத் திரிபு வந்தது என்பது பாதித் தகவல்தான். அந்தத் திரிபால் மாவட்ட மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, இணை நோய்கள் என்ன, கடைசித் தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்ற விவரங்களைப் பெயரின்றித் தொகுத்துத் தமிழில் வெளியிட்டால், டர்பனின் வளர்ப்புத் தட்டையும் லண்டனின் கணக்கையும் நாம் எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதில்லை. வேலூரில் ஒரு மருத்துவமனை தன் ஊழியர்களை வைத்தே செய்துகாட்டியதை, மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய நிறுவனங்களும் செய்ய முடியும் என்றே நம்புகிறேன். அப்படி வெளியாகும் கணக்குக்குத் தங்கள் மதுரைப் பதிப்பில் வாரம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்கினால் போதும்.

தங்கள் மருத்துவப் பக்கத்துக்கு உதவுமானால், சீரத்தை நீர்த்துச் சோதிக்கும் முறையை விளக்கும் படம் ஒன்றை வரைந்து அனுப்பவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்,
மதுரை.